புகார்ப் பெட்டியில் ஒன்று கூடுதல்

எல்லா அட்டவணையும் ஒத்துப்போனது, ஒன்றைத் தவிர.

அவள் அலுவலகத்தின் தகவல்களைப் பழைய கணினியிலிருந்து புதியதற்கு நகலெடுத்திருந்தாள். கறுப்புத் திரையில் ஒரே ஒரு கட்டளை அடித்தால் போதும். ஒவ்வோர் அட்டவணையிலும் எத்தனை வரிகள் என்று இரண்டு பக்கமும் எண்ணிச் சொல்லிவிடும். ஊழியர், விடுப்பு, சம்பளம், எல்லாம் சரி. புகார்ப் பெட்டியில் மட்டும் பழைய பக்கத்தில் ஒன்று கூடுதல்.

மாலைக்குள் எண்கள் ஒத்துப்போனால்தான் அவள் வேலை நிரந்தரம். மேனேஜர் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

மறுபடி நகலெடுத்து எண்ணினாள். மறுபடி ஒன்று கூடுதல்.

இன்று யாரும் கணினியில் எதையும் தொடக் கூடாது என்று காலையிலேயே சொல்லியாகிவிட்டது. புகார்ப் பெட்டிக்கு மட்டும் விலக்கு. அதை ஒரு நிமிடம்கூட மூடியதில்லை என்பது நிர்வாகத்தின் பெருமை. பெயர் போடாமல் யாரும் எழுதலாம்; எழுதியது பழைய கணினியில்தான் சேரும். திறந்து படித்ததாகத்தான் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. அவளுக்கும் எண்ண மட்டுமே அனுமதி.

எழுநூற்றுச் சொச்சம் புகார். இருமினால்கூட வாயைப் பொத்திக்கொண்டு இருமுகிற இந்த இடத்தில் யாருக்கு இவ்வளவு மனக்குறை? அவள் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் கணக்குப் பிரிவு அக்காகூட அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

வேலை போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம் இருக்க, எழுதுவது யார் என்று தெரியாமல் மண்டை காய்ந்தது.

மூன்றாம் முறை நகலெடுக்க எண்டரைத் தட்டினாள். தடுப்புக்கு அப்பால் யாரோ மெல்ல டைப் அடிக்கும் சத்தம். எண்ணினாள். ஒன்று கூடுதல்.

வீட்டில் தங்கை தினமும் கேட்பது நினைவுக்கு வந்தது.

"ஏன்க்கா, டைப் அடிக்கிறியா, ஆணி அடிக்கிறியா?"

நான்காம் முறை, தூங்கும் குழந்தையின் கன்னத்தைத் தொடுவதுபோல எண்டரைத் தொட்டாள்.

இரண்டு பக்கமும் ஒரே எண்.

உடனே எழுந்து மேனேஜரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். மனசு சும்மா இருந்தால்தானே? எண்டரை ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். அப்பால் அதே டைப் சத்தம். மெதுவாக எண்ணிப் பார்த்தாள்.

ஒன்று கூடுதல்.

வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. ஏசிக்காகப் போர்த்தியிருந்த சால்வையை நாலாக மடித்துக் கீபோர்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு, முதலிலிருந்து நகலெடுத்தாள்.

எண்கள் ஒத்துப்போன நேரத்தில், தடுப்புக்கு மேலே மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு முகம் எட்டிப் பார்த்தது.

"சாப்பிட்டியாம்மா?"