மோட்டார் மேய்த்தவன்

ஒரு வாய் காபிக்காகச் சோளிங்கர் வரை மோட்டார் சைக்கிளில் பறந்தவன்தான் நூல் கடை ராஜவேலு. யுத்தத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் கூப்பன் வந்தும் பறந்தான். இந்த இரண்டு மாதமாகத்தான் வண்டியைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போகிறான். கிருத்திகைக்கு மலையடிவாரம் வரை அவன் தள்ள, பெண்டாட்டி கௌரியும் பிள்ளைகளும் பின்னால் நடந்தார்கள்.

தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் மணியம்மைக்குக் கால் பிடித்துவிட்டபடியே, எதிர்வீட்டுக் குப்பம்மாள் எல்லாவற்றையும் பார்த்தாள்.

“எருமை மேய்க்கிறவனைப் பார்த்திருக்கேன் கௌரி, மோட்டார் மேய்க்கிறவனை இப்பத்தான் பார்க்கிறேன். கூப்பன் பெட்ரோலை உன் வூட்டுக்காரன் குடிச்சிகினு இருக்கானா?”

“அவசரத்துக்கு வேணுமாம்க்கா.”

“உங்க வூட்ல என்னாடி அவசரம்?”

கௌரி சிரித்துவிட்டுப் போனாள். ராஜவேலு பெட்ரோலைக் கள்ள மார்க்கெட்டில் விற்கிறான் என்று குப்பம்மாள் முடிவுகட்டித் தெருவுக்கே சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை விடியலில் மணியம்மைக்கு வலி எடுத்தது. உச்சிப்பொழுதாகியும் குழந்தை பிறக்கவில்லை.

“குறுக்கே கிடக்குது. அரக்கோணத்து டாக்டரம்மா வந்தாத்தான் ரெண்டு உசுரும் தங்கும்” என்றாள் மருத்துவச்சி. ரயிலோ சாயங்காலம்தான்.

குப்பம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழ, தெருவில் மோட்டார் சைக்கிள் உறுமியது. ஒரு மணி நேரத்தில் ராஜவேலு டாக்டரம்மாவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு வந்து நின்றான்.

பேரன் வீறிட்ட பிறகுதான் குப்பம்மாளுக்கு வாய் வந்தது. “ஏது நைனா பெட்ரோல்?”

“மணியம்மை வந்த அன்னிலேர்ந்து சேர்த்தேன்க்கா. எந்நேரமும் வண்டி கையில இருக்கணும்னுதான் போற இடமெல்லாம் தள்ளிகினு போனேன். போன வருசம் என் தங்கச்சிக்கு வலி வந்தப்ப டாங்கி காலி. சுத்தியே தீர்த்திருந்தேன்.”

டாக்டரம்மாவைத் திரும்பக் கொண்டுபோய் விட்டதில் மறுநாள் டாங்கி மறுபடி காலி. ராஜவேலு முன்னால் வண்டியைப் பிடித்துக்கொள்ள, குப்பம்மாள் பின்னாலிருந்து கடை வரைக்கும் தள்ளினாள்.

“இங்க என்னாங்கடா சிரிப்பு?” என்று தெருவைப் பார்த்து ஒரு அதட்டலும் போட்டாள்.