உள்ளே விட்ட துணி

பத்தாம் வகுப்பில் ஷீபா ஆசைப்பட்டுக் கேட்டது பூப்போட்ட துணியில் சட்டை மாதிரி ஒரு கவுன். “ஆம்பளச் சட்டையப் போட்டுக்கிட்டு ஊர்ல அலையப்போறியா?” என்று அம்மா ஜெசிந்தா மறுத்துவிட்டாள். இருபது வருஷம் கழித்து அவளே அதைத் தைத்து, லீவுக்கு வந்த மகளுக்குப் போட்டுப் பார்த்தாள். காலர் அழகாக உட்கார்ந்தது. தொளதொளத்த இடுப்பைப் பிடித்துக் குண்டூசி குத்தினாள்.

கீழ்மடிப்புக்குள் நாலு விரல் துணி இருந்ததை ஷீபா தடவிப் பார்த்தாள்.

“எதுக்கும்மா இவ்வளவு விட்டு மடிச்சிருக்க?”

“வளர வளரப் பிரிச்சு விட்டுக்கலாம்ல,” என்று பழக்கத்தில் சொல்லிவிட்டாள் ஜெசிந்தா.

“எனக்கு முப்பத்தஞ்சு ஆச்சும்மா.”

ஜெசிந்தா குனிந்துகொண்டாள். மிச்சமிருந்த ஒரு குண்டூசியை வாயில் கவ்விக்கொண்டு, குத்த இடம் தேடுவதுபோல் வெகுநேரம் மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.