மதர்போர்டு வைத்தியம்

குற்றவாளி மதர்போர்டுதான் என்று சபரி தீர்ப்பு எழுதிவிட்டான். மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்து, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு, கம்ப்யூட்டரின் வயிற்றைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

புனே பக்கம் ஆகுர்டியில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் நானூறு டன் பிரஸ் மெஷினையே அடக்கி வைத்திருப்பவன் அவன். விமான் நகர் வீட்டில் ஒரு சாண் பலகை மூன்று வாரமாக அவனுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் கம்ப்யூட்டரில்தான் அவன் மனைவி ரோஹிணி வீட்டிலிருந்தபடி வண்டிகளுக்கு டிசைன் போடுகிறாள். தினமும் இரண்டு முறை அது காலை வாரியது. பதினொரு மணி வாக்கில் தானாக ரீஸ்டார்ட் ஆகும். மூன்று மணி வாக்கில், அவள் டீ போட உள்ளே போகும் நேரம் பார்த்து, ஒரேயடியாக அணைந்துபோகும். ஒரே பலகைக்கு எப்படி இரண்டு வியாதி என்று சபரி யோசித்திருக்கலாம். அவன் அனுபவசாலி, யோசிக்கவில்லை.

ரோஹிணியின் மேலாளர் கெடு வைத்துவிட்டார். இந்த வெள்ளிக்குள் சிஸ்டம் ஒழுங்காக ஓடாவிட்டால், திங்கள் முதல் அவள் ஆபீசுக்கு வந்து உட்கார வேண்டும்.

சபரி பயந்தது அதற்குத்தான். அப்பா போன பிறகும் கோவையைவிட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தவர் அம்மா தமிழரசி. ரோஹிணி பகலெல்லாம் வீட்டிலேயே இருப்பாள், உங்களைத் தனியாக விடவே மாட்டோம் என்று சொல்லித்தான் நாலு மாதத்துக்கு முன் அவரைப் புனேவுக்கு அழைத்து வந்திருந்தான். மருமகள் ஆபீஸ் போய்விட்டால், இந்தியும் மராத்தியும் தெரியாத அம்மா மறுவாரமே பெட்டியைக் கட்டிவிடுவார்.

அம்மா இங்கே பொருந்திப்போன விதத்தை அவன் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வான். மருமகளுக்கு மீட்டிங் என்றால் மிக்சி போடமாட்டார், குக்கர் வைக்கமாட்டார். தெரு முழுக்கக் கேட்க ஃபோன் பேசியவர், இங்கே தங்கையிடம் குசுகுசுக்கிறார். டிவி தொடரைச் சத்தமில்லாமல் பார்த்து, வாயசைவிலேயே கதையைப் பிடித்துக்கொள்கிறார். டீ குடிக்க வரட்டுமா என்று பக்கத்து வீட்டு சுஷ்மா சைகையில் கேட்டால், மருமகளின் முதுகைக் காட்டிச் சைகையிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்.

ரோஹிணியும் லேசுப்பட்டவள் இல்லை. மீட்டிங் நடுவில் மாமியார் நீட்டும் உப்புமாத் தட்டைச் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வாள். இப்படியொரு வீட்டைக் கலைய விடலாமா?

ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டினான். அதன் வேகத்தைக் குறைத்து வைத்தான். பிராசசரின் மேலிருந்த காய்ந்த பசையைச் சுரண்டிவிட்டுப் புதுசு தடவினான். பவர் சப்ளையையே மாற்றினான். ஞாயிறன்று சோதனை மென்பொருளை ஓடவிட்டுக் காலையிலிருந்து மாலை வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான், ஒரு முனகல்கூட இல்லை. திங்களன்று அவன் பைக் தெருமுனையைத் தாண்டியதும் பழையபடி ஆரம்பித்துவிட்டது.

"பாவம், எவ்வளவு பாடுபடறீங்க. விடுங்க, நான் ஆபீசுக்கே போயிக்கறேன்," என்றாள் ரோஹிணி. தன்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், ஒரு மாதிரி சமாளித்துக்கொள்கிறேன் என்றார் அம்மாவும். இரண்டு பேரின் தியாகத்தையும் பார்த்துச் சபரிக்குக் கண் கலங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை கடைசி அஸ்திரத்தை எடுத்தான். அந்த மதர்போர்டின் ஓரத்தில் நாலு சின்ன விளக்குகள் உண்டு. எந்த உறுப்பில் கோளாறோ அதற்கான விளக்கு எரியும். கம்ப்யூட்டர் பெட்டியின் கண்ணாடிக் கதவு வழியாக அவை தெரியும்படி, பழைய செல்ஃபோனை மேசைக்கடியில் செருகி வீடியோவை ஓடவிட்டான். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

அன்றைக்கும் இரண்டு முறை காலை வாரியது. மாலை ஆறு மணிக்கு வந்தவன், இருவரையும் சோபாவில் உட்கார வைத்து வீடியோவை டிவியில் போட்டான்.

"இன்னிக்குக் கையும் களவுமா மாட்டிக்கும், பாருங்க."

பதினொன்றே காலுக்கு ஓட்டினான். நாலு விளக்கில் ஒன்றுகூட எரியவில்லை. ஓரத்திலிருந்து ஒரு விரல் மட்டும் வந்தது. ரோஜா நிற நகப்பூச்சு. ரீசெட் பொத்தானை நிதானமாக அமுக்கிவிட்டு அது திரும்பிப் போனது.

சபரி மனைவியின் கையைப் பார்த்தான். அவள் அதைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நாலு மாசமா இந்தச் சுவரையே பாத்துட்டு இருக்கேங்க. ஆபீஸ் போனா நாலு மனுசங்க மூஞ்சியையாவது பாக்கலாம்," என்றாள். "மூணு மணிக்கு அதுவே ஆஃப் ஆகுது. கூட ஒருதடவை ஆச்சுன்னா ஆபீஸ்லேர்ந்தே கூப்பிட்டுக்குவாங்கன்னு தோணுச்சு."

சபரிக்குக் கோபம் தலைக்கேறியது. பெற்றவளைத் தனியாகப் போட்டுவிட்டு ஓடப் பார்த்தாயே, அவர் மனசு என்ன பாடுபடும் என்று சத்தம் போட்டான். மூன்று மணிக் கோளாறாவது நிஜமானதுதானே, அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்து உன்னை இங்கேயே உட்கார வைக்கிறேனா இல்லையா பார் என்று ரிமோட்டை எடுத்தான்.

தமிழரசி எட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மூணு மணிப் படத்தைப் போடாத கண்ணு."