நீலம் போன பாட்டில்

"கையும் களவுமா பிடிச்சிட்டேன், அண்ணாச்சி!"

சுரேஷ்குமார் போட்ட சத்தத்தில், எங்கள் குடியிருப்புச் சங்க அறை வாசலில் பதினோரு பேர் கூடிவிட்டார்கள். அவர்தான் சங்கச் செயலாளர். கோட்டூர்புரத்துக்குக் குடிவந்து இரண்டு வருஷம் ஆகிறது.

உள்ளே புஷ்பம் நின்றுகொண்டிருந்தாள். தினமும் காலை ஆறு மணிக்கு அறையைப் பெருக்க வருகிறவள். ஒரு கையில் துடைப்பம். இன்னொரு கையில் ஒரு சீட்டு.

மேசைமேல் ஆறு பாட்டில்கள். ஆறும் ஒரே மாதிரி. முந்தின நாள் அடையாற்றங்கரையில் ஆறு இடங்களில் மொண்ட தண்ணீர். ஆற்றைப் பற்றி ஜனங்களுக்குச் சொல்லித்தர வந்திருந்த கீர்த்தி என்ற பெண், ஒவ்வொன்றிலும் ஐந்து சொட்டு நீல மருந்து விட்டிருந்தாள்.

"சாக்கடை அதிகமா கலந்திருந்தா, காலைக்குள்ள நீலம் வெளுத்துடும். எந்த பாட்டில் வெளுக்குதோ, அந்த இடத்தோட பேரை எழுதி மாநகராட்சிக்குக் கடிதம் கொடுப்போம். எல்லாரும் கையெழுத்துப் போடணும்" என்று சொல்லியிருந்தாள்.

ஐந்து பாட்டில்களில் நீலம் மங்கியிருந்தது. ஒன்றில் அடியோடு போய்விட்டது.

அந்தப் பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டைத்தான் புஷ்பம் உரித்துக் கையில் வைத்திருந்தாள். 'ஆற்றங்கரைத் தெரு' என்ற சீட்டு. அவள் குடியிருக்கும் தெரு.

"பாருங்க, கீர்த்தி மேடம்! அவங்க தெருச் சீட்டைக் கிழிச்சிட்டு, அதுல நம்ம குடியிருப்புச் சீட்டை ஒட்டப் பாக்கறா!" என்றார் சுரேஷ்குமார், அப்போதுதான் உள்ளே வந்த கீர்த்தியிடம்.

"கிழிக்கல சார். மாத்தி ஒட்டிகீது. அத்த சரி பண்றேன்."

"மாத்தி ஒட்டினது யாரு? பேயா?"

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"யாருன்னு நான் பாக்கல. ஆனா எங்க தெரு தண்ணிய நான்தான் மொண்டேன். அதுல இத்துனூண்டு நத்தை ஒண்ணு வந்துச்சு. இன்னாடா இதுல போய் உசுரோட கீதேன்னு நெனைச்சேன். இதோ பாரு, இதுல கீது!"

'எங்கள் குடியிருப்பு' என்று சீட்டு ஒட்டிய பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். அடியில் மிளகளவு நத்தை.

"நத்தை என்ன உங்க தெருவுல மட்டும்தான் பொறக்குமா?" என்றார் சுரேஷ்குமார்.

கீர்த்தி என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, நேத்து சீட்டு எழுதி ஒட்டினது நீங்கதானே? நத்தை எதுல இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தி.நகரில் முப்பத்தேழு வருஷம் பாத்திரக்கடை வைத்திருந்தவன் நான். ஒரு கரண்டி குறைந்தாலும் அய்யாதுரை அண்ணாச்சி கண்ணுக்குத் தப்பாது என்பார்கள். நாலு பேர் முன்னால் பேசத்தான் எனக்கு வராது.

புஷ்பத்தின் முகம் தெளிந்தது.

"அண்ணாச்சி சொல்லட்டும். எங்க தெரு பேர்ல கடுதாசி போச்சுன்னா, ஆத்தைக் கெடுக்கறது நீங்கதான்னு நாப்பத்திரண்டு வீட்டையும் காலி பண்ணி எங்கியோ தள்ளிடுவாங்க. எம் பொண்ணு படிக்கறது இங்க. சொல்லுங்க அண்ணாச்சி!"

தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"சீட்டு எழுதினது நான்தான். நத்தையைக் கவனிக்கலையே…"

"கவனிக்கலையா? கையில குடுக்கும்போது காட்டினேனே. சிரிச்சீங்களே, அண்ணாச்சி?"

"போதும். பெரியவரை வம்புக்கு இழுக்காதே" என்றார் சுரேஷ்குமார்.

கீர்த்திக்கு மனசு கேட்கவில்லை. "வேணும்னா திரும்ப மொண்டு வெச்சுப் பாக்கலாமே."

"கையெழுத்துப் போட அத்தனை பேரும் கீழ வந்து உக்காந்தாச்சும்மா. இன்னொரு நாளைக்கு யார் வருவா?" என்றார் சுரேஷ்குமார்.

கடிதம் எழுதப்பட்டது. கையெழுத்துகள் அறுபத்து நான்கு. கடைசிக் கையெழுத்து என்னுடையது.

புஷ்பம் விட்ட இடத்திலிருந்து அறையைப் பெருக்கி முடித்து, குப்பையை அள்ளிக்கொண்டு போனாள். என்னைத் தாண்டும்போது நிமிர்ந்து பார்க்கவில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் எங்கள் குடியிருப்பின் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டபோது, யாருக்கும் தெரியாமல் அதை ஆற்றில் போய் விழும் மழைநீர்க் கால்வாயில் சேர்த்துவிடச் சொன்ன சங்கத் தலைவர் நான்.

அன்று காலை ஐந்து ஐம்பதுக்கு நான் அறையைத் திறந்தபோது, வெளுத்திருந்தது எங்கள் பாட்டில். புஷ்பம் வருவதற்குள் இரண்டு சீட்டையும் நனைத்து உரித்து, மாற்றி ஒட்டிவிட்டேன்.