ஓர் ஆள் அதிகம்

திரையில் ஓர் ஆள் அதிகமாக இருந்தது.

தகெமுரா டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். வகுப்பில் உட்கார்ந்திருப்பது இருபத்தெட்டுப் பிள்ளைகள். விளையாட்டில் சேர்ந்திருப்பது இருபத்தொன்பது பேர்.

அந்த நிமிடம் வரை அவளுக்கு ஒரே எண்ணம்தான். இந்த ஒரு பீரியட் எப்படியாவது ஓடிவிட்டால் போதும். மார்ச் மாதக் கடைசி, நாளை நிறைவு விழா. மதிப்பெண் அட்டைகளை எழுதி எழுதி முதுகு விட்டுப்போயிருந்தது. ஐந்தாம் வகுப்பில் வருடம் முழுக்கப் படித்ததை வெறுமனே திருப்பிச் சொன்னால் பாதி வகுப்பு தூங்கிவிடும். அதனால் பெரிய திரையில் கேள்வி வர, பிள்ளைகள் டேப்லெட்டில் விடையைத் தட்டும் போட்டியாக அதைச் செய்துவைத்திருந்தாள்.

சொந்தப் பெயர் கூடாது, பள்ளிச் சாப்பாட்டில் பிடித்ததன் பெயரை வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருந்தாள். கறிச்சோறு, வறுத்த ரொட்டி, மிசோ சூப் என்று திரை நிறைந்து கிடந்தது.

நடுவில் ஓர் 'ஐஸ் ஆரஞ்சு'.

அவள் திரைக்கு ஓரடி கிட்டே போனாள்.

மதியச் சாப்பாட்டில் அந்த உறையவைத்த ஆரஞ்சுப் பழம் ஒன்று மிஞ்சினால் போதும், அதற்காகக் கல்-காகிதம்-கத்தரி போட முதல் ஆளாக எழுந்து ஓடுகிறவள் கோஹாரு. அக்டோபரில் ஒருநாள் வராமல் போனவள் அப்புறம் வரவேயில்லை. யாரும் அடிக்கவில்லை, யாரும் திட்டவில்லை. காலையில் ஷூ போட உட்கார்ந்தாளாம், எழுந்திருக்க முடியவில்லையாம். அவள் அம்மாவுக்கே அவ்வளவுதான் தெரியும்.

டீச்சர் வாரம் தவறாமல் வீட்டுக்குப் போய் வந்தாள். கதவைத் திறப்பது அம்மாதான். உள்ளேயிருந்து ஓர் இருமல்கூடக் கேட்காது. தினமும் காலையில் வகுப்பின் இணையப் பக்கத்தில் கோஹாருவுக்கென்று நாலு வரி எழுதுவாள். பதிலே வராது. கிணற்றில் கல்லைப் போட்டால்கூட ஒரு சத்தம் வரும். இன்று காலை போட்டியில் சேர்வதற்கான எண்ணையும் அதில் எழுதியிருந்தாள், பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லாமல்.

ஏப்ரலில் வகுப்பையே கலைத்துப் போட்டுவிடுவார்கள். அதற்குள் ஒரே ஒரு தடவை அந்தப் பிள்ளையின் குரலைக் கேட்டுவிட மாட்டோமா என்றிருந்தது அவளுக்கு.

"டீச்சர், பக்கத்து கிளாஸ்லேருந்து யாரோ பூந்துட்டான். தூக்கிடுங்க," என்றான் முன்வரிசையில் ஒருவன்.

கோஹாரு என்று வாயைத் திறந்தால் வகுப்பே கூச்சல் போடும். அந்தப் பெண் மிரண்டு ஓடிவிடுவாள்.

"அது நான்தான்டா. ஏன், நான் விளையாடக் கூடாதா?" என்று மேசையிலிருந்த தன் டேப்லெட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"விடை தெரிஞ்சவங்க ஆடுறது அழுகுணி ஆட்டம் டீச்சர்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாடா என்றிருந்தது.

ஐஸ் ஆரஞ்சு பிரமாதமாக ஆடியது. நவம்பரில் நடத்திய சதவீதக் கணக்கு சரி. ஜனவரியில் நடத்திய மின்காந்தமும் சரி. அப்படியானால் படித்திருக்கிறாள். தன் அறைக்குள் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் படித்திருக்கிறாள். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளைகள் பார்க்காதபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜன்னலோரம் கடைசி வரிசையில் இச்சிகா. கணக்கென்றால் எப்போதும் முதல் மூன்றுக்குள் இருக்கிறவள். கோஹாரு வீட்டுக்குப் பக்கத்து வீடு என்பதால் வீட்டுப்பாடத் தாள்களைத் தினமும் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறவளும் அவள்தான். இன்றைக்கு என்ன கேடோ, ஆட்டத்தில் எல்லோருக்கும் கீழே கிடந்தாள்.

"இச்சிகா, குனிஞ்சே உட்கார்ந்திருந்தா விடை தரையிலேருந்தா முளைக்கும்?"

இச்சிகாவின் முகம் சிவந்தது. ஆனாலும் நிமிரவில்லை.

கடைசியில் ஐஸ் ஆரஞ்சுக்கு மூன்றாவது இடம்.

பள்ளி விட்டதும் டீச்சர் ஆசிரியர் அறைக்கு ஓடி, நின்றபடியே கோஹாருவின் வீட்டுக்குப் போன் போட்டாள். "கோஹாரு அம்மா, இன்னிக்குப் போட்டியில கோஹாரு சேர்ந்தா. மூணாவது வந்திருக்கா, மூணாவது."

"மன்னிக்கணும் டீச்சர்," என்றாள் அம்மா தயங்கித் தயங்கி. "டேப்லெட்டை வருஷம் முடியறதுக்குள்ள திருப்பித் தரணும்னு சொல்லியிருந்தீங்கல்ல. நேத்து சாயந்தரமே இச்சிகா கையில கொடுத்தனுப்பிட்டேனே."

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

இச்சிகாவின் மேசைக்கு மேலே அவளுடைய டேப்லெட், மேசைக்குள்ளே கோஹாருவுடையது. சரியான விடையெல்லாம் உள்ளே இருந்ததற்குப் போயிருக்கிறது. தன்னுடையதைத் தட்ட நேரம் ஏது. அந்தப் பிள்ளையைப் போய்க் குத்திக் காட்டினேனே.

வருடத்தின் அசதி முழுக்க ஒன்றாகச் சேர்ந்து வந்து தோளை அழுத்தியது. கோஹாரு வரவில்லை. வரவேயில்லை.

"அப்போ இச்சிகாதான் விளையாடியிருக்கா," என்றாள் மெதுவாக. "கோஹாருவுக்காக."

போனில் ஒரு கதவு நகரும் சத்தம் கேட்டது. அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள் போலிருக்கிறது.

"இச்சிகா எத்தனாவது?"

அது அம்மாவின் குரல் இல்லை.

டீச்சருக்குப் பொய் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

"கடைசி."

அந்தப் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"லூசு," என்றாள் கோஹாரு.