சுண்டுவிரல் வலி

கமலாத்தாளுக்குக் கோபம் வந்தால் வேலந்தாவளம் சந்தையில் மாடுகூட ஒதுங்கி வழிவிடும். அன்றைக்கு வந்தது அதைவிடப் பெரிய கோபம்.

புருஷனுக்குச் சோறு கொண்டுவந்தவள் கண்ணில் அது பட்டுவிட்டது. மாட்டு லாரி நிழலில் ஆறுச்சாமி உட்கார்ந்திருந்தார். எதிரே இன்னொரு தரகன் அமிர்தநாதன். இருவருக்கும் நடுவில் ஒரு துண்டு.

மாட்டு விலையை இங்கே வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டைப் போர்த்தி, உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேரம். ஆனால் ஆறுச்சாமிக்குத்தான் வலது கையே இல்லையே! முழங்கைக்குக் கீழே போய் ஒரு வருஷம் ஆகிறது.

அதுவும் யாரால்? இதே அமிர்தநாதனால். அவன் தொழுவத்தில், தீவனம் வெட்டும் மிஷினில் சிக்கிய சோளத்தட்டை ஆறுச்சாமி இழுத்துக்கொண்டிருந்தபோது, பார்க்காமல் சுவிட்சைப் போட்டவன் அவன்தான்.

கமலாத்தாள் துண்டைப் பிடுங்கி எறிந்தாள்.

“கையை வாங்குனது பத்தாதுன்னு, மொண்டிக்கையை வெச்சு வெளையாட்டு வேற காட்டறியா? ஊரே பாத்துச் சிரிக்குதுடா!”

“இல்லீங்கக்கா...” அமிர்தநாதன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

“அவனை ஏன் புள்ள வெரட்டுனே?” என்ற ஆறுச்சாமிக்கு, சொல்லி முடிப்பதற்குள் முகம் கோணியது. “ஐயோ, முறுக்குது புள்ள! விரலு அஞ்சும் முறுக்குது!”

இல்லாத விரல் வலிக்கிறது என்றால் யார் நம்புவார்கள்? சொந்தக்காரர்கள் பேய் என்றார்கள், நடிப்பு என்றார்கள். கமலாத்தாள் மட்டும் நம்பினாள். பக்கத்தில் இருந்து பார்ப்பவள் அவள்தானே, பாவம். மறுநாளே கோயமுத்தூருக்குக் கூட்டிப் போனாள்.

டாக்டர் மாதுரி பொறுமையாகக் கேட்டார்.

“வெட்டுப்பட்ட நரம்பு போக இடமில்லாம முடிச்சா சுருண்டிருக்கும்மா. அந்த முடிச்சை எடுத்துட்டு, பக்கத்துத் தசைக்குப் போற நரம்போட சேர்த்துத் தைச்சுடுவோம். நரம்புக்கு ஒரு வேலை கிடைச்சுட்டா பெரும்பாலும் வலி அடங்கிடும். ஆமா, இத்தனை நாள் வலிக்கு என்ன செஞ்சீங்க?”

ஆறுச்சாமி மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார்.

“சந்தையில அமிர்தநாதன்னு ஒருத்தனுங்க. துண்டைப் போட்டு, என்ற கை இருந்த எடத்துல அவன் கையை வெச்சுக்குவான். ‘பெருவிரலை நீட்டுங்கண்ணா, இப்ப ஆள்காட்டி’ன்னு ஒவ்வொண்ணாச் சொல்லுவான். உள்ளே என்ற கையே இருக்கற மாதிரி, முறுக்குன விரலு மெல்ல அவுந்துருமுங்க.”

“நல்ல வைத்தியம்தான். நாங்களும் நல்ல கையைக் கண்ணாடியில காட்டி, இல்லாத கை இருக்கற மாதிரி நம்ப வெச்சுக் கிட்டத்தட்ட இதைத்தான் செய்யறோம்,” என்றார் டாக்டர்.

கமலாத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள். அந்த மனுஷனை என்ன பேச்சுப் பேசிவிட்டோம்!

ஆப்பரேஷன் நடந்தது. தையல் ஆறியது. கொஞ்சம் கொஞ்சமாக வலி குறைந்து, ஆறுச்சாமி நிம்மதியாகத் தூங்க ஆரம்பித்தார்.

அதற்கப்புறம் வந்த ஒரு சந்தை நாளில், கமலாத்தாள் இரண்டு பேருக்குச் சோறு கட்டிக்கொண்டு போனாள். அதே லாரி நிழல். அதே துண்டு.

“சுண்டுவிரலு மட்டும் இன்னும் முறுக்குதப்பா,” என்று சொல்லிக்கொண்டிருந்தார் ஆறுச்சாமி.

அவளுக்குப் பகீரென்றது. அமிர்தநாதனைக் கைகழுவ அனுப்பிவிட்டு, புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஏனுங்க, வலி திரும்பி வந்துருச்சுங்களா? வாங்க, இன்னிக்கே டாக்டரம்மாகிட்டப் போயிரலாம்!”

“வலியா? அது போயி மாசமாச்சு புள்ள.”

“அப்பறம் என்னத்துக்குங்க அவங்கிட்டப் பொய்யி?”

ஆறுச்சாமி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“துண்டுக்குள்ள அவன் கை நடுங்கறது எனக்குத்தானே தெரியும். சுவிட்சைப் போட்ட கை புள்ள அது. அதுக்கு இன்னும் வலி நிக்கலே.”