நானூற்றுப் பதினாறு கிலோமீட்டர்

“நானூத்திப் பதினாறு கிலோமீட்டர்! இதுக்கு என்ன சொல்றீங்க அத்தான்?”

கப்பல்காரன் செல்போனை அத்தானின் மூக்குக்கு நேராக நீட்டினான். ஆறு மாசத்துக்கு முன்னால் கப்பல் வேலைக்குக் கிளம்பும்போது, காரை அக்கா வீட்டு வாசலில் விட்டுவிட்டு, மீட்டரைப் படம் பிடித்துக்கொண்டு போன புண்ணியவான் அவன். கூடப் பிறந்த அக்கா வீடுதான். இருந்தாலும் புது வண்டி பாருங்கள்!

“வாரம் ஒரு தடவை கொஞ்ச தூரம் ஓட்டினேன் தம்பி” என்றார் அத்தான். “நின்ன இடத்துலயே நின்னா டயர் ஒரு பக்கமா அமுங்கிப் போயிடும்.”

“நான் என்ன சொல்லிட்டுப் போனேன்? மாசம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி அணைச்சா போதும், ரோட்டுக்கு எடுக்க வேணாம்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்க. ஆனா சும்மா ஸ்டார்ட் பண்ணி அணைச்சா பேட்டரி ஏறாது, இறங்கத்தான் செய்யும். அதான்...”

“கதை விடாதீங்க அத்தான். எதிர்வீட்டுக்காரர் இப்பத்தான் சொன்னார், ‘ஞாயித்துக்கிழமை ஆனா உங்க அத்தான் ஜம்முன்னு கார்ல கிளம்பிடுவாரே’ன்னு. ஓசி வண்டின்னா ஊர் சுத்தக் கசக்குமா?”

சொன்ன பிறகு அவனுக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது. ஆனால் வீம்பு விடவில்லை.

சமையலறை ஜன்னலிலிருந்து அக்காவின் குரல் வந்தது. “டேய், வாசல்லயே நின்னுக்கிட்டு என்னடா பஞ்சாயத்து? உள்ள வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுச் சண்டை போடு.”

“எனக்கு ஒண்ணும் வேணாம்!”

சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். நேராக அவனுக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் போய் நிறுத்தினான்.

“ஆறு மாசமா வாசல்ல நின்ன வண்டி. என்னென்ன கெட்டுப் போயிருக்குன்னு ஒண்ணு விடாமச் சொல்லுங்கண்ணே. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்.”

மெக்கானிக் பானெட்டைத் திறந்தார். ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பேட்டரியைப் பார்த்தார். நாலு டயரிலும் காற்றை அளந்தார்.

“ஆறு மாசமா நின்ன வண்டின்னா சொன்னீங்க?”

“ஆமாண்ணே.”

“போங்க சார், விளையாடாதீங்க. நின்ன வண்டின்னா பேட்டரி முனையில உப்புப் பூத்திருக்கும். இதுல சுத்தமாத் துடைச்சு வாசலின் தடவி வெச்சிருக்கு. எலி வயரைக் கடிக்கக் கூடாதுன்னு மூலைக்கு மூலை பாச்சை உருண்டை. ஸ்டெப்னியில கூடக் காத்து சரியா இருக்கு. இஞ்சின் நல்லாச் சூடாகற அளவுக்கு வாரா வாரம் ஒரு பதினஞ்சு கிலோமீட்டராவது ஓட்டியிருக்கணும். யாரு சார் பார்த்துக்கிட்டது? சொந்த வண்டியைக்கூட ஒருத்தரும் இப்படிப் பார்த்துக்க மாட்டாங்க!”

கப்பல்காரன் மனசுக்குள் கணக்குப் போட்டான். இருபத்தாறு வாரம். வாரத்துக்குப் பதினாறு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை, கச்சிதமாக நானூற்றுப் பதினாறு. ஊர் சுத்துகிற மனுஷன் ஒரு வாரமாவது ஒரு கிலோமீட்டர் கூடப் போட்டிருக்க மாட்டாரா?

சே! என்ன பேச்சுப் பேசிவிட்டோம்! அவனுக்கு வெட்கமாக இருந்தது. அத்தான் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று வண்டியைத் திருப்பினான்.

தெருமுனை பஸ் நிறுத்தத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் ஊன்றுகோல், இன்னொரு கை அத்தான் தோளில். வலது காலைத் தரையில் பட்டும் படாமலும் வைத்திருந்தாள்.

அவசரமாக வண்டியை ஓரங்கட்டி இறங்கி ஓடினான். “அக்கா! என்னக்கா இது?”

“அது ஒண்ணுமில்லடா. மாடிப்படியில வழுக்கி விழுந்து முட்டி நொறுங்கிடுச்சு. நாலு மாசம் ஆச்சு. கடல்ல இருக்கறவன்கிட்டச் சொல்லி உன்னையும் எதுக்குக் கலங்க வைக்கணும்?”

“இப்ப எங்க கிளம்பிட்டீங்க?”

“ஆஸ்பத்திரிக்குத்தான். வாரம் நாலு நாள் காலுக்குப் பயிற்சி குடுக்கறாங்க. ரெண்டு பஸ் மாறணும், உட்கார இடம் கிடைச்சாத் தேவலை.”

நாலு மாசமாக இந்தக் காலோடு, இரண்டு பஸ் மாறி!

“ஏன் அத்தான், வாசல்லயே கார் நின்னுச்சே! ஓட்டத் தெரிஞ்ச நீங்களும் இருந்தீங்க. நான் வேணாம்னு சொன்னா என்ன? அதை மீறி வாரா வாரம் எடுக்கத்தானே செஞ்சீங்க?”

“அது வண்டி கெட்டுடக் கூடாதேன்னு எடுத்தது தம்பி. எங்க சௌகரியத்துக்கு எடுத்தா நல்லா இருக்குமா?”

“அந்த ஓட்டற நாள்லயாவது அக்காவை ஏத்திட்டுப் போயிருக்கக் கூடாதா? எப்படியும் ஓடப்போற வண்டிதானே!”

அத்தான் சங்கடமாகச் சிரித்தார்.

“ஞாயித்துக்கிழமை ஆஸ்பத்திரியில பயிற்சி கிடையாது தம்பி. மத்த நாள்ல வண்டியை எடுத்தா, இவளை ஏத்திக்கிட்டா என்னன்னு எனக்குச் சபலம் வந்துடும். அதான் ஞாயித்துக்கிழமையாப் பார்த்து எடுத்தேன்.”